மூன்று நிமிடப் பேய்ப்படமும் ஒரு பொம்மைக் கடையும்

பழங்கால மாளிகை ஒன்றின் கூடம். பெரிய வௌவால் ஒன்று உள்ளே பறந்து வந்து வட்டமிடுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் அது சாத்தானாக மாறி நிற்கிறது. அவன் கையசைத்ததும் கொப்பரை ஒன்று தோன்றுகிறது. அதனுள்ளிருந்து ஒரு பெண் எழுந்து வருகிறாள். பின்னர் அங்கே நுழையும் இரண்டு பிரபுக்களைச் சாத்தான் படாதபாடு படுத்துகிறான். இருக்கைகள் தாமாக இடம் மாறுகின்றன. வெறுமையாக இருந்த இடத்தில் எலும்புக்கூடு ஒன்று முளைக்கிறது. அதை வாளால் வெட்டினால் அது வௌவாலாகிறது. அழகிய பெண் ஒருத்தி கண்ணெதிரே கிழவியாகிறாள். கடைசியில் சிலுவை ஒன்றை உயர்த்திப் பிடித்ததும் சாத்தான் புகையாய் மறைகிறான்.

இத்தனையும் நடந்து முடிய ஆகும் நேரம் ஏறத்தாழ மூன்று நிமிடம். படச்சுருளின் நீளம் 60 மீட்டர். 1896-ஆம் ஆண்டின் இறுதியில் பாரீஸில் வெளியான 'சாத்தானின் மாளிகை' என்னும் இப்படத்தையே உலகின் முதல் பேய்ப்படமாகத் திரைப்பட வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகின்றனர். பார்வையாளரை அச்சுறுத்துவதைவிட வியப்பிலும் சிரிப்பிலும் ஆழ்த்துவதே அதை எடுத்தவரின் நோக்கமாக இருந்தது. அவர் ஜார்ஜ் மெலியெஸ். அப்போது அவருக்கு வயது 35.

இன்று திரைப்படக் கல்லூரியில் சேரும் மாணவருக்கு முதல் பயிற்சியாகக் குறும்படம் ஒன்றை எடுக்கச் சொல்வது வழக்கம். பேய்ப்படம் என்றால் செலவு குறைவு. ஓர் அறை, இரண்டு நடிகர்கள், கொஞ்சம் இருட்டு போதும். ஆனால் பேய்ப்படத்தில்தான் ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் எவ்விதச் சலுகையும் இன்றிச் சோதிக்கப்படுகின்றன. ஓர் உருவம் தோன்றும் கணத்தில் சிறு பிசகு நேர்ந்தாலும் பயம் நகைப்பாகிவிடும். மெலியெஸுக்குக் கல்லூரியும் இல்லை, ஆசிரியரும் இல்லை. இத்தகைய மூன்று நிமிடப் படங்களே அவருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தன. அவற்றிலிருந்து அவர் கற்றதை உலகம் முழுவதும் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டவர்கள் செழித்தனர். அவர் மட்டும் ரயில் நிலையம் ஒன்றில் பொம்மை விற்கும் நிலைக்கு வந்தார்.

மெலியெஸ் 1861 டிசம்பர் 8-ஆம் தேதி பாரீஸில் பிறந்தார். தந்தை உயர்ரகக் காலணிகள் தயாரிக்கும் ஆலையை நடத்திய செல்வர். மூன்று ஆண்மக்களில் இளையவரான ஜார்ஜுக்குத் தோலிலும் ஆணியிலும் நாட்டமில்லை, ஓவியத்தில்தான் நாட்டம். பாடப்புத்தகங்களின் ஓரங்களிலெல்லாம் ஆசிரியர்களின் கேலிச்சித்திரம் வரைந்த பிள்ளை அவர். கவின்கலைக் கல்லூரியில் சேர விரும்பினார், தந்தை மறுத்துவிட்டார். ஆங்கிலம் கற்பதற்காக 1884-இல் லண்டனுக்கு அனுப்பப்பட்டவர், அங்கே 'எகிப்திய மண்டபம்' என்ற அரங்கில் மாஸ்கலின் நடத்திய மாயாஜால நிகழ்ச்சிகளில் மனத்தைப் பறிகொடுத்தார். திரும்பி வந்தபின் ஆலையில் இயந்திரங்களை மேற்பார்வையிடும் வேலை அவருக்குத் தரப்பட்டது. அந்த ஆண்டுகள் வீண்போகவில்லை. பற்சக்கரம், நெம்புகோல், தையல் இயந்திரம் ஆகியவற்றைப் பிரித்துப் பூட்டக் கற்ற கைகள்தான் பிற்காலத்தில் படமெடுக்கும் கருவியையும் பிரித்துப் பூட்டின.

1888-இல் தந்தை ஓய்வு பெற்றதும், ஆலையில் தமக்குரிய பங்கைச் சகோதரர்களுக்கே விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ரோபேர் ஊதேன் அரங்கை மெலியெஸ் விலைக்கு வாங்கினார். நவீன மாயாஜாலத்தின் தந்தை எனப் போற்றப்படும் ரோபேர் ஊதேன் நிறுவிய அரங்கு அது. மேடையில் மறைகதவுகளும் ஒளிந்திருக்கும் கயிறுகளும் நிறைந்திருந்தன. தானியங்கிப் பொம்மைகளும் இருந்தன. புதிய வித்தைகளை உருவாக்கியும் காட்சிப் பின்னணிகளைத் தாமே வரைந்தும் ஏழாண்டுகள் அவர் அந்த அரங்கை நடத்தினார்.

1895 டிசம்பர் 28-ஆம் தேதி பாரீஸின் கிராண்ட் கபேயில் லூமியேர் சகோதரர்கள் தங்கள் அசையும் படங்களை மக்களுக்குக் காட்டினர். அழைப்பின்பேரில் அந்தப் படங்களைப் பார்த்த மெலியெஸ், அந்தக் கருவிக்கு 10,000 பிராங்க் தருவதாக லூமியேர் சகோதரர்களின் தந்தையிடம் கேட்டார். கிடைக்கவில்லை. லண்டனுக்குச் சென்று ராபர்ட் பால் என்பவர் செய்து விற்ற திரையீட்டுக் கருவி ஒன்றை வாங்கி வந்து, அதன் உள்ளமைப்பை ஆராய்ந்து, படமெடுக்கும் கருவியாகவே மாற்றிவிட்டார். 1896-இன் கோடையில் அவருடைய முதல் படங்கள் வெளிவந்தன. சீட்டாடுவோர், தெருக்காட்சி, வந்து நிற்கும் ரயில் என அவை அனைத்தும் லூமியேர் படங்களின் சாயலிலேயே இருந்தன. அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 80 படங்களை எடுத்திருக்கிறார்.

திருப்பம் எப்படி நேர்ந்தது என்பதற்கு மெலியெஸே பிற்காலத்தில் ஒரு கதை சொன்னார். பாரீஸ் தெருவொன்றைப் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது கருவியில் சுருள் சிக்கிக்கொண்டதாம். ஒரு நிமிடத்தில் சரிசெய்து மீண்டும் சுழற்றினார். படத்தைத் திரையிட்டுப் பார்த்தபோது, ஓடிக்கொண்டிருந்த பயணிகள் வண்டி சட்டென்று சவ ஊர்தியாக மாறிவிட்டதாம். கதை அழகானது; வரலாற்றாசிரியர்கள் அதை முழுமையாக நம்புவதில்லை. அமெரிக்காவில் எடிசன் நிறுவனம் 1895-இலேயே ஸ்காட்லாந்து அரசி மேரியின் தலை வெட்டப்படும் காட்சியை இதே உத்தியால் எடுத்திருந்தது. ஆனால் எடிசன் ஆட்கள் ஒருமுறை செய்துவிட்டு மறந்துபோனதை மெலியெஸ் ஓர் இலக்கணமாகவே வளர்த்தெடுத்தார். 1896-இல் ஒரு பெண்ணை நாற்காலியில் அமர்த்தித் துணியால் மூடி மறையச் செய்யும் பழைய மேடை வித்தையை, மறைகதவே இல்லாமல் படமாக்கினார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 'சாத்தானின் மாளிகை'. இரு படங்களிலும் நடித்த ஜான் தால்சி என்ற நடிகையை இக்கட்டுரையின் முடிவுக்கு அருகில் மீண்டும் சந்திப்போம்.

அந்த மூன்று நிமிடங்களுக்குள் அடங்கியிருக்கும் தொழில்நுட்பத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். கருவியை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்த வேண்டும். வௌவால் பறந்து வந்து குறிப்பிட்ட இடத்தை அடைந்ததும் கைப்பிடியைச் சுழற்றுபவர் நிறுத்துவார். மற்ற நடிகர்கள் யாரேனும் சட்டகத்துக்குள் இருந்தால் அவர்கள் சிலைபோல் உறைந்து நிற்க வேண்டும். தூக்கிய கை தூக்கியபடியே இருக்க வேண்டும். வௌவாலை அகற்றிவிட்டு அதே இடத்தில் சாத்தான் வேடமிட்டவர் வந்து நிற்பார். மீண்டும் சுழற்றல் தொடங்கும். திரையில் பார்க்கும்போது இடையில் கழிந்த ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ இல்லாமலாகிவிடும். நம் புராணப் படங்களில் நாரதர் தோன்றியதும் முனிவர்கள் மறைந்ததும் இதே முறையில்தான்.

இது கேட்பதற்கு எளிது. நடைமுறையில் ஒரு சிக்கல் இருந்தது. கைப்பிடியை நிறுத்தும்போதும் மீண்டும் தொடங்கும்போதும் சுழற்சியின் வேகம் மாறுபடுவதால் அந்தச் சில சட்டகங்களில் ஒளி கூடியும் குறைந்தும் பதிவாகும். தந்திரம் நிகழும் கணத்தில் திரை பளிச்சிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். மெலியெஸ் என்ன செய்தார்? எஞ்சியுள்ள பிரதிகளை நுணுகி ஆராய்ந்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். ஒவ்வொரு மாற்றம் நிகழும் இடத்திலும் சுருள் கத்தரித்து ஒட்டப்பட்டிருந்தது. பழுதான சட்டகங்களை வெட்டி நீக்கி, முன்னசைவும் பின்னசைவும் இம்மியளவும் விலகாமல் பொருந்தும்படி அவர் ஒட்டியிருக்கிறார். நீண்ட காலம் ஒளிப்பதிவுக் கருவியின் தந்திரமாகக் கருதப்பட்டது உண்மையில் பெருமளவு படத்தொகுப்பின் சாதனை. ஒட்டு விழும் இடத்தில் புகை எழச் செய்ததும் இதற்காகவே. சாத்தான் வரும்போது புகை வருவது அழகுக்காக மட்டுமன்று.

சாத்தானின் மாளிகையைத் தோட்டத்தில், வெயிலில், வரைந்த திரைகளின் முன்னால் எடுத்தவர், அடுத்து பாரீஸின் புறநகரான மோந்த்ரேயில் தம் குடும்பச் சொத்தான நிலத்தில் கண்ணாடிச் சுவரும் கண்ணாடிக் கூரையும் கொண்ட படப்பிடிப்புக் கூடம் ஒன்றை எழுப்பினார். அதன் மேடையின் அளவு ரோபேர் ஊதேன் அரங்கின் மேடையளவே. அக்காலச் சுருளில் நிறங்கள் தாறுமாறாகப் பதிவானதால், காட்சித் திரைகள், ஆடைகள், முகப்பூச்சு யாவற்றையும் சாம்பல் நிறத்தின் வெவ்வேறு சாயல்களிலேயே அமைத்தார். கறுப்புப் பின்னணியின் முன் ஒரே சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மீண்டும் மீண்டும் பதிவுசெய்யும் முறையை உருவாக்கி, 1898-இல் தம் தலையைத் தாமே கழற்றி மேசைமேல் வைத்துக்கொள்ளும் படத்தை எடுத்தார். ஒரே சட்டகத்தில் நான்கு தலைகள், நான்கும் அவருடையவை. 1900-இல் வந்த படமொன்றில் ஏழு இசைக்கலைஞர்களாகவும் அவரே அமர்ந்து வாசித்தார். சுழற்றிய எண்ணிக்கையை மனத்தில் கணக்கிட்டு, முந்தைய பதிவில் தாம் எங்கே எப்போது திரும்பினோம் என்பதை நினைவில் கொண்டு நடிக்க வேண்டும். ஒரு பதிவு தவறினால் ஏழும் வீண்.

1901-இல் ஒரு தலை ரப்பர் பந்துபோல் ஊதிப் பெரிதாகி வெடிக்கும் படம் வந்தது. கருவியை முன்னால் நகர்த்தியிருந்தாலே தலை பெரிதாகத் தெரிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. கருவியை அசைக்காமல், தாம் அமர்ந்த சக்கர இருக்கையைச் சரிவுப் பாதையில் கருவியை நோக்கி இழுக்கச் செய்தார். இங்கே மெலியெஸின் வலிமையையும் வரம்பையும் சேர்த்தே காணலாம். அவருடைய கருவி, அரங்கில் நடு இருக்கையில் அமர்ந்திருக்கும் ரசிகரின் கண். அந்தக் கண் எழுந்து நடக்கலாம், அருகே சென்று பார்க்கலாம் என்று அவர் கடைசிவரை எண்ணவில்லை. ஆங்கிலேயரான ஸ்மித் 1900-இலேயே அண்மைக்காட்சியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். அமெரிக்கர்கள் விரைவில் அதைவிட நெடுந்தொலைவு சென்றனர்.

1902-இல் வெளிவந்த 'நிலவுக்குப் பயணம்' அவரை உலகறியச் செய்தது. மூன்று மாத உழைப்பு. செலவு சுமார் 10,000 பிராங்க். லூமியேர் கருவிக்கு அவர் தருவதாகச் சொன்ன அதே தொகை என்பது தற்செயல்தான். நிலவின் கண்ணில் ராக்கெட் குத்தி நிற்கும் அந்தக் காட்சியை அறியாதவர் இன்றும் அரிது. சில பிரதிகளுக்குக் கையாலேயே வண்ணம் தீட்டப்பட்டது. திருமதி துய்லியே என்பவரின் கூடத்தில் சுமார் 200 பெண்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு நிறத்தைத் தூரிகையால் சட்டகம் சட்டகமாகத் தீட்டும் முறை அங்கே நிலவியது. ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிற்சாலையில் கண்ட வேலைப் பகுப்பை இங்கே தூரிகையோடு காண்கிறோம்.

படம் பெற்ற வெற்றியில் பெரும்பங்கு மெலியெஸுக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் எடிசன் நிறுவனமும் பிலடெல்பியாவைச் சேர்ந்த லூபினும் அந்தப் படத்தை நகலெடுத்து விற்றனர். மின்விளக்கின் காப்புரிமைக்காகவும் ஒலிப்பதிவுக் கருவியின் காப்புரிமைக்காகவும் நீதிமன்றப் படியேறத் தயங்காத எடிசனின் நிறுவனம், அடுத்தவரின் நெகடிவைப் பற்றிக் கவலைப்படவில்லை. இதில் பொருளியல் மாணவருக்குப் பழக்கமான ஒரு பிரச்னை இருக்கிறது. புதியதொன்றை உருவாக்கும் செலவு முழுவதும் முதல் பிரதியில் விழுகிறது. இரண்டாவது பிரதிக்கு ஆகும் செலவு மிக அற்பம். அந்த இரண்டாவது பிரதியை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் முதல் பிரதியை எடுத்தவர் எப்படிப் பிழைப்பார்? உத்தியின் நிலை இன்னும் மோசம். அதைத் திருடவே தேவையில்லை, பார்த்தாலே போதும். பாத்தே நிறுவனத்துக்காகப் பணியாற்றிய ஸ்பெயின் நாட்டவரான செகுந்தோ தெ சோமோன் மெலியெஸின் உத்திகளையெல்லாம் கையாண்டதோடு சிலவற்றில் அவரையே விஞ்சினார். இதைத் திருட்டென்று நான் சொல்லமாட்டேன். கலை வளர்வது அப்படித்தான். ஆனால் நகலெடுத்து விற்றது வேறு.

மெலியெஸ் கைகட்டி நிற்கவில்லை. அண்ணன் காஸ்தோனை நியூயார்க்குக்கு அனுப்பி 1903-இல் கிளை தொடங்கச் செய்தார். தம் நிறுவனத்தின் நட்சத்திரச் சின்னத்தைக் காட்சிகளுக்குள்ளேயே தெரியும்படி வைத்தார். அமெரிக்காவில் பதிப்புரிமை பெறுவதற்காகத் தனி நெகடிவ் ஒன்று தேவைப்பட்டதால், ஒவ்வொரு காட்சியையும் அருகருகே வைத்த இரட்டை லென்சுகள் மூலம் ஒரே நேரத்தில் இரு சுருள்களில் பதிவுசெய்யத் தொடங்கினார்.

ஆனால் சந்தை வேறு திசையில் நகர்ந்துவிட்டது. அவர் படங்களை மீட்டர் கணக்கில் விற்பவர். வாங்கியவர்களில் பலர் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் கூடாரம் அடித்துக் காட்டுபவர்கள். சுருள் கிழியும் வரை ஊர் ஊராய்க் காட்டுவார்கள். 1907-இல் பாத்தே நிறுவனம் படங்களை விற்பதை விட்டு வாடகைக்கு விடும் முறைக்கு மாறியது. நிலையான திரையரங்குகள் பெருகின. வாரந்தோறும் புதிய படம் கேட்டன. 1908 டிசம்பரில் எடிசன் தலைமையில் உருவான கூட்டமைப்பில் மெலியெஸின் நிறுவனமும் இடம்பெற்றது. அதற்கு வாரம் 1,000 அடி படம் தர வேண்டும் என்பது நிபந்தனை. ஒவ்வொரு திரையையும் தாமே வரைந்து, தாமே நடித்து, தாமே கத்தரித்து ஒட்டுபவரிடம் வாரம் 1,000 அடி கேட்பது, கைத்தறி நெசவாளரிடம் ஆலைக் கணக்கில் துணி கேட்பதற்கு ஒப்பாகும். அந்த ஓராண்டில் ஏராளமான படங்களை எடுத்தும் ஈடுகொடுக்க முடியவில்லை. அமெரிக்கத் தேவையை நிறைவுசெய்யக் காஸ்தோன் டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் படமெடுத்தார். பிறகு தென்கடல் தீவுகளுக்கும் ஆசியாவுக்கும் படக்குழுவோடு புறப்பட்டார். வெப்பமண்டல ஈரத்தில் சுருள்கள் பழுதாயின. பெரும் நஷ்டம். அதன்பின் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவே இல்லை. காஸ்தோன் 1915-இல் இறந்தார்.

1911-இல் மெலியெஸ் பாத்தே நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். முதலீடும் விநியோகமும் பாத்தேவினுடையவை; ஈடாக மோந்த்ரேய் வீடும் படப்பிடிப்புக் கூடமும் வைக்கப்பட்டன. படங்களை வெட்டித் திருத்தும் உரிமையும் பாத்தேவுக்கே போயிற்று. கத்தரிக்கோலால் உலகை வியக்கவைத்தவரின் படங்களில் இப்போது பிறருடைய கத்தரிக்கோல் விழுந்தது. 1912-இல் எடுத்த 'துருவ வெற்றி'யில் பனி அரக்கன் ஒருவன் ஆய்வாளர்களைப் பிடித்து விழுங்குகிறான். பத்தாண்டுகளுக்கு முன் வந்திருந்தால் கொண்டாடப்பட்டிருக்கும். அதற்குள் மக்களின் சுவை மாறியிருந்தது. 1913-இல் மனைவி யூஜெனி காலமானார். அதே ஆண்டில் படமெடுப்பதும் நின்றது.

அடுத்த ஆண்டு போர் மூண்டது. கடன் வசூலுக்கு அரசு விதித்த தடையால் வீடு தற்காலிகமாகத் தப்பியது. ஆனால் அவருடைய நிறுவனத்திலிருந்து 400-க்கும் மேற்பட்ட படப்பிரதிகளைப் பிரெஞ்சு ராணுவம் கையகப்படுத்தி, வெள்ளியையும் செல்லுலாய்டையும் பிரித்தெடுத்தது. அந்தச் செல்லுலாய்டு படைவீரர்களின் காலணிக் குதிகால்களுக்குப் பயன்பட்டது. காலணி ஆலையை விட்டு ஓடிவந்த மகனின் படங்கள் காலணிகளாயின. புனைகதையில் இப்படி எழுதினால் வலிந்து சொன்னதாகத் தோன்றும்.

1923-இல் ரோபேர் ஊதேன் அரங்கு சாலை விரிவாக்கத்துக்காக இடிக்கப்பட்டது. அதே ஆண்டில் மோந்த்ரேய் சொத்து கைமாறியது. வைத்துக்கொள்ள இடமும் இல்லை, வாங்குவாரும் இல்லை. எஞ்சியிருந்த நெகடிவ்கள் அனைத்தையும் தோட்டத்தில் குவித்து மெலியெஸ் தம் கையாலேயே தீவைத்தார். இரண்டாண்டுகள் கழித்து, சாத்தானின் கொப்பரையிலிருந்து எழுந்து வந்த அந்த ஜான் தால்சியை மணந்துகொண்டார். மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் தால்சி நடத்திவந்த பொம்மை, இனிப்புக் கடையில் இருவரும் ஆண்டு முழுவதும் விடுப்பின்றி அமர்ந்திருந்தனர்.

அங்கேதான் திரைப்பட இதழாசிரியர் ஒருவர் அவரை அடையாளம் கண்டார். இதழ்கள் எழுதத் தொடங்கின. 1929 டிசம்பரில் பாரீஸின் பிளெயேல் மண்டபத்தில் அவருக்குப் பெருவிழா எடுத்து, தேடிப்பிடித்த அவருடைய படங்களைத் திரையிட்டனர். 1931-இல் பிரான்ஸின் லெஜியன் ஆப் ஹானர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. பதக்கத்தை அணிவித்தவர் லூயி லூமியேர். பாராட்டுகள் குவிந்தனவே தவிர, கடைவாழ்க்கை உடனே மாறிவிடவில்லை. 1932-இல்தான் திரைத்துறையினருக்கான முதியோர் இல்லத்தில், பாரீஸை அடுத்த ஓர்லியில், மனைவியுடனும் பேத்தியுடனும் தங்க இடம் கிடைத்தது. 1938 ஜனவரி 21-ஆம் தேதி அவர் காலமானார்.

ஏறத்தாழ 520 படங்களை எடுத்தவரின் படைப்புகளில் இன்று கிடைப்பவை 200-க்குச் சற்று மேல். அவர் தம் உடைமையாகக் காத்தவை எரிந்துபோயின. பிறருக்கு விற்றவையும், பிறர் திருடி நகலெடுத்தவையும், பதிப்புரிமைக்காக அமெரிக்காவில் ஒப்படைத்தவையுமே எஞ்சின. காணாமல்போனதாகக் கருதப்பட்ட 'சாத்தானின் மாளிகை'யின் பிரதி 1988-இல் நியூசிலாந்தில் கிடைத்தது.

இன்னொரு பேய்ப்படத்துக்கு நேர்ந்தது விந்தையானது. 1903-இல் மெலியெஸ் எடுத்த 'நரகக் கொப்பரை' இரண்டு நிமிடத்துக்கும் குறைவானது. திருட்டுக்கு அஞ்சி இரட்டை நெகடிவில் பதிவானது. ஒரு நூற்றாண்டு கழிந்தபின் பிரான்ஸில் பழைய படங்களைப் புதுப்பிப்பவர்கள் அமெரிக்கப் பிரதியையும் பிரெஞ்சுப் பிரதியையும் அருகருகே வைத்துப் பார்த்தனர். இரு லென்சுகளும் சற்றே விலகி நின்று ஒரே காட்சியைப் பதிவுசெய்திருந்ததால், ஒன்று இடக்கண்ணுக்கும் மற்றொன்று வலக்கண்ணுக்குமாகப் பொருந்திவிட்டன. முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து பார்த்தவர்களின் முன்னால் கொப்பரையும் சாத்தானும் எழும் ஆவிகளும் திரையை விட்டுப் பிரிந்து தனித்தனியே நின்றன.